நாலு குழல்

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து, ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து, அதன் வாயில் துணியை அடைத்துச் சுவரில் மாட்டினேன். எங்கள் மலையில் தவக்காலம் முடிகிறவரை யாரும் வெடி போடுவதில்லை. இது காட்டுப்பன்றிகளுக்கும் தெரியும் என்று என் வேட்டைக் கூட்டாளி முடியப்பன் சொல்வான். அவன் தை மாதம் போய்ச் சேர்ந்தான். பன்றிகள் இருக்கின்றன.

சந்தியாகு ஊருக்கு வந்துவிட்டான். கோயிலில் கடைசித் தூணருகே நின்றான். ஒன்றரை வருடம் ஜெயிலில் இருந்தவன் மாதிரி இல்லை, காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி இருக்கிறான். வலது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். கோர்ட்டிலும் இதே நடிப்புத்தான். மாஜிஸ்திரேட்டிடம் எடுபடவில்லை. சாமியாரிடம் எடுபடும்.

சலேத் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். என் மனைவிக்கு யாரைப் பார்த்தும் தலையசைக்க உரிமை உண்டு, இவனைத் தவிர. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சாம்பலப் பூசிக்கிட்டு மொகத்தத் திருப்பச் சொல்றீங்களா" என்றாள்.

பிப்ரவரி 24

மிளகு காயப்போட்டேன். மேகம் வந்தது, அள்ளினேன். மேகம் போனது, மறுபடி பரப்பினேன்.

கலெக்டர் ஆபீசிலிருந்து தபால் வந்தது. சொந்தப் பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ள அனுமதி. ஏப்ரல் பதினைந்துக்குள் வாங்க வேண்டும், தவறினால் காலாவதி. என் சாட்சியத்தால் தண்டனை பெற்றவன் வெளியே வந்தால் என் உயிருக்கு ஆபத்து என்று மனுவை நானே எழுதினேன். வக்கீல் வைக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தை அகராதியிலிருந்து படித்தேன். சட்டத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தேன். எஞ்சினை எஞ்சினிடமே படித்தேன்.

பிற்பாடு யாராவது இந்த நோட்டைப் புரட்ட நேர்ந்தால் விவரம் தெரியவேண்டும். அதற்காக எழுதுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கிய சந்தியாகுவின் ஜீப், ஆலமர வளைவில் திரும்பாமல் பள்ளத்தில் விழுந்தது. என் மகன் ததேயு அங்கேயே இறந்தான். ஓட்டியவன் பிழைத்தான். பிரேக் பிடிக்கவில்லை என்றான். அந்தப் பிரேக்கை அதற்குச் சற்று முன்புதான் நான் பிரித்துக் கட்டியிருந்தேன். பிரேக் எண்ணெய் உருளைக்குக் கம்பெனி வாஷர் கிடைக்கவில்லை, பம்பு வாஷரைச் சீவிப் போட்டேன். அப்படி எத்தனையோ வண்டிகளை ஓட வைத்தவன் நான். கூண்டில் ஏறி, பிரேக்கில் குறை இல்லை என்றேன். முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ஸ்டீயரிங்குக்கு அடியில் எப்படிக் கிடந்தான் என்றும் கேட்டேன். குடித்துவிட்டு இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்தார்களா? சண்டையா? அதற்கு ஒழுங்கான பதில் இல்லை. கோர்ட் என்னை நம்பியது. அப்பீலிலும் நம்பியது.

அவ்வளவுதான் விவரம்.

மார்ச் 6, திங்கள்

திண்டுக்கல் போனேன். துப்பாக்கிக் கடை மீரான் ராவுத்தருக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். ஒற்றைக்குழலுக்குத் தோட்டா அவரிடம்தான். அனுமதியைப் படித்துவிட்டு, அரசாங்கத் தொழிற்சாலை ரிவால்வர் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். சின்னது, கறுப்பு, எடையே இல்லை. இந்த வயதுக்கு இதுதான் தோது, தோட்டாவும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் என்றார். பொம்மை மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் கீழ்த்தட்டில் அதைப் பார்த்தேன்.

நாலு குழல். மேலே இரண்டு, கீழே இரண்டு. கையில் வாங்கியதும் மணிக்கட்டு தாழ்ந்தது. பிடியில் வாதுமை மரம், பல கை பட்டுக் கறுத்திருக்கிறது. ஒரே விசைதான். ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் உள்ளே ஏதோ திரும்பி அடுத்த குழலுக்குப் போகிறது. எப்படித் திரும்புகிறது என்று பிரிக்காமலே கண்டுபிடித்துவிட்டேன். செய்தவன் மூளைக்காரன்.

"வெள்ளக்காரன் யானை மேல ஒக்காந்து வேட்டைக்குப் போவான்ல. புலி மேல தாவிருச்சுன்னா அப்பச் சுடறதுக்கு" என்றார் ராவுத்தர். ஏதோ ஜமீன் வாரிசுகள் விற்றுக் கொடுக்கச் சொல்லி வைத்துப்போனதாம். பேப்பர் சரியாக இருக்கிறதாம். தோட்டா இப்போது யாரும் செய்வதில்லை, பழைய பெட்டி ஒன்றில் கொஞ்சம் கிடக்கிறது, எத்தனை வெடிக்கும் என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம் என்றார்.

"நாலு தடவ சுடலாம் ஐயா. நாலாவதுக்கு ஒங்க கை இருக்காது. எட்டடிக்கு மேல ஆள் நின்னா, இத எடுத்து எறியறதுதான் மேல்."

எட்டடி போதும்.

ஒரு குழலின் ஸ்பிரிங் சொங்கியாக இருந்தது. நானே செய்து தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே கழற்றிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்குவதாகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 9

மொபெட்டின் பழைய ஸ்பிரிங்கை அடுப்பில் பழுக்கவைத்து, வளைத்து, எண்ணெயில் முக்கி எடுத்தேன். பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். அதனால் என்ன? தடிமனாக இருந்தால் உழைக்கும்.

சலேத் அடுப்பங்கரை அவளுடையது என்று சொல்லிவிட்டு நின்று பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். தவக்காலத்தில் புதுச்சட்டி வாங்கவே யோசிக்கிற ஊரில் இவர் துப்பாக்கி வாங்கப் போகிறாராம் என்று சுவரிலிருந்த மாதா படத்திடம் சொன்னாள். என்னிடம் பேசப் பிடிக்காதபோது மாதாவிடம் பேசுவாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கையால செஞ்ச சாமான் எதுவும் இனிமே..."

அதோடு நிறுத்திவிட்டு முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தாள். முடிக்காத வாக்கியத்துக்கு நான் பதில் சொல்வதில்லை.

மார்ச் 14, செவ்வாய்

மருந்து தெளிக்கிற கைப்பம்பை வெளியே எடுத்தேன். போன வாரம் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துவிட்டுக் கழுவாமல் வைத்திருந்தேன். கைப்பிடி இறங்கவில்லை. வாசற்படியில் வைத்து முழு எடையையும் போட்டு அமுக்கினேன். இம்மிகூட அசையவில்லை. பிரித்தால், நான் வெட்டிப் போட்ட வாஷர் எண்ணெய் குடித்து உப்பி, உருளைக்குள் இறுகிக் கிடக்கிறது. கத்தியால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

சலேத் காபி கொண்டுவந்தாள். என்ன ஆச்சு என்றாள். வாஷர் உப்பி, கைப்பிடி கல்லு மாதிரி ஆகிவிட்டது என்றேன்.

டம்ளரை என் கையில் கொடுக்காமல் திண்டில் வைத்தாள்.

"கல்லு மாதிரி" என்று ஒருமுறை திரும்பச் சொன்னாள். "இதே வார்த்தைய எங்கயோ கேட்டுருக்கேன்."

இப்போதெல்லாம் வரும் ரப்பர் தரமில்லை. காபி ஆறிப்போயிருந்தது.

மார்ச் 19, ஞாயிறு

உபதேசியார் மதலைமுத்து வந்தார். பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்கு ஆள் சேர்க்கிறார். இயேசு தம் சீடர்களுக்குக் கழுவியது போல, பீடத்துக்கு முன் வரிசையாக உட்காருகிற பன்னிரண்டு கிழவர்களுக்குச் சாமியார் பாதம் கழுவுவார். பத்து வருடமாக எனக்கு அதில் நாற்காலி உண்டு. கடைசி நாற்காலியை ஊரில் யூதாஸ் நாற்காலி என்பார்கள். அதில் உட்கார எவனும் சம்மதிப்பதில்லை. அதற்காகவே காது கேட்காத தொம்மையை வைத்திருக்கிறோம்.

முடியப்பன் இல்லாததால் ஒரு நாற்காலி காலி. அது என் நாற்காலிக்கு அடுத்தது. யார் என்று கேட்டேன். மதலைமுத்து மூக்குப்பொடியை எடுத்தார், போட்டார், தும்மினார், மறுபடி டப்பாவைத் தேடினார்.

"சாமியாரு சொன்னது, மெக்கானிக்கய்யா. நா என்ன பண்ணட்டும்? சந்தியாகுதான்."

கிழவர்களுக்கான இடம் அது, அவனுக்கு நாற்பதுதானே என்றேன். ஜெயிலுக்குப் போனால் வயது கூடுமாம், சாமியார் சொன்னாராம். வேண்டுமானால் இந்த வருடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார்.

நான் ஏன் எழுந்திருக்க வேண்டும்? அது என் நாற்காலி. வருவேன் என்று சொல்லி அனுப்பினேன். நாற்காலிக்கும் நாற்காலிக்கும் எவ்வளவு இடம் விடுவீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கை இடிக்காத அளவுக்கு என்றார்.

மார்ச் 20, திங்கள்

புது ஸ்பிரிங்கையும் பழையதையும் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் புறப்பட்டேன். பாலம் வேலை நடப்பதால் பஸ் இல்லை. விவசாயிகள் சங்கத்து ஜீப்தான். அதை ஓட்டுவது யார் என்பது படியில் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது. லைசென்ஸைத் திருப்பி வாங்கிவிட்டானாம்.

பின்னால் கூடைக்காரப் பெண்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வயதானவர் என்று முன் சீட்டை எனக்கு விட்டிருந்தார்கள். இறங்கிப் போயிருக்கலாம். ஏன் இறங்க வேண்டும்?

"உக்காருங்க மாமா" என்றான் சந்தியாகு. ஊரில் சிறுசுகள் எல்லாம் என்னை அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். இவன் அதை விட்டிருக்கலாம். ஏறி உட்கார்ந்தேன்.

காலில் கான்வாஸ் ஷூ. இந்த வெயிலில். ஆலமர வளைவு வருவதற்கு வெகு முன்பே வண்டியை முதல் கியருக்கு மாற்றி, நடக்கிற வேகத்தில் இறக்கினான். பின்னால் ஒருத்தி, மாட்டு வண்டிகூட முந்திப் போகும் என்றாள். மற்றவர்கள் அவளை அதட்டினார்கள். என்னைப் பார்த்துத்தான் அதட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம். ஒற்றைக்குழலை இதற்குள் திருப்ப முடியாது. கோயிலுக்கும் கொண்டுபோக முடியாது. நாலு குழல் மடியில் ஒரு துணிப்பைக்குள் அடங்கும். அளவு தெரிந்திருப்பது நல்லது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

ராவுத்தர் கடையில் புது ஸ்பிரிங் கச்சிதமாக உட்கார்ந்தது. காலித் துப்பாக்கியை நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். நாலு தடவையும் அடித்தது. "கெட்டிக்காரருய்யா நீங்க" என்றார் ராவுத்தர். சேமித்து வைக்கும்போது நிறைய எண்ணெய் விடச் சொன்னேன். அப்புறமும் அந்த ரிவால்வரைத்தான் என் பக்கம் தள்ளினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 24, வெள்ளி

சிலுவைப்பாதை. கால் வலி. வாழையில் பன்றி புகுந்து நாலு கன்றைத் தோண்டிப் போட்டிருக்கிறது.

மார்ச் 28

பூமழை பெய்தது. ஒரே மழை, அளவான மழை. எட்டாம் நாள் காபிச்செடி வெள்ளையாகிவிடும். ததேயு பிறந்த வருடமும் இப்படித்தான் பிந்தாமல் பெய்தது. சலேத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூ பார்க்கத் தோட்டத்துக்குள் போய் அட்டைக்கடி வாங்கினாள்.

பீரோவில் தோட்டாப் பெட்டி இல்லை. ஒற்றைக்குழலுக்கு உள்ளது. மேல்தட்டில், பைபிளுக்குப் பின்னால் வைப்பேன். பைபிள் இருக்கிறது.

சலேத்தைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குக் கருவாடு இல்லாத குழம்பு. எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் இரண்டு கரண்டி சேர்த்து ஊற்றினாள்.

ஏப்ரல் 2

குருத்து ஞாயிறு. ஓலையை வாங்கி வந்து மாதா படத்தில் செருகினேன். சந்தியாகு வீட்டில் ஓலை வாங்கப் பெண்பிள்ளை இல்லை. அவன் ஜெயிலுக்குப் போனதும் பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், இன்னும் திரும்பவில்லை. இதை சலேத் சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

சலேத்திடம் சொன்னேன். சனிக்கிழமை கீழே போகிறேன். வாங்கிவிடுவேன்.

எதை என்றாள். சின்னதையா, நாலு கண்ணு வைத்ததையா. நாலு குழலைத்தான் என்றேன். அரிசியில் கல் பார்த்தாள்.

"சின்னத வாங்குனா பயத்துக்கு வாங்குறீங்கன்னு நெனப்பேன்" என்றாள்.

வேறு எதற்கு வாங்குவார்கள் என்று கேட்டேன். அவன் வந்து ஒன்றரை மாதமாகிறது, இந்த வீட்டுப் படலைத் தாண்டி ஒரு தடவை எட்டிப் பார்த்தானா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பதுங்குகிறவன் அப்படித்தான் இருப்பான் என்றேன். முறத்தைத் தட்டிவிட்டு எழுந்துபோனாள்.

காபி பூத்துவிட்டது. வீடு முழுக்க வாசனை. மூச்சுமுட்டுகிறது.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

போனேன். உட்கார்ந்தேன்.

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பன்னிரண்டு பேர். தொம்மை தன்னை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் அறியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். என் இடது பக்கம் சந்தியாகு. கோயிலுக்குள்ளும் ஷூவைக் கழற்றவில்லை. அதை நான் கவனித்தேன், ஊரும் கவனித்தது.

எனக்குக் கழுவினார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தது. சாமியார் துடைத்து, குனிந்து முத்தமிட்டு, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். சந்தியாகு இடது ஷூவைக் கழற்றி அந்தக் காலை நீட்டினான். எல்லோருக்கும் வலது கால்தான் வழக்கம். சாமியார் புதியவர், சின்ன வயது. மெதுவாக வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவர் தாம்பாளத்தோடு மண்டியிட்டபடி காத்திருந்தார். கடைசியில் கழற்றினான்.

பாதத்தின் நடு எலும்பு மேல்பக்கமாக முட்டிக்கொண்டு நிற்கிறது. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றக் காலைத் தூக்கியபோது அடிப்பாதம் தெரிந்தது. குறுக்கே நேர்கோடாக ஒரு தழும்பு. அதன் இரண்டு முனையிலும் செங்கோணமாகச் சிறிய திருப்பம்.

அந்த ஜீப்பின் பிரேக் பெடலில் ரப்பர் தேய்ந்து விழுந்துவிட்டது. இரும்புச் சட்டம் மட்டும்தான் இருந்தது. புது ரப்பர் போடு என்று அவனிடம் நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பெடலை எத்தனையோ தடவை கழற்றி மாட்டியவன் நான். அதன் அகலம் என் கைக்குத் தெரியும்.

நடிப்புக்கு இது அதிகம்.

சாமியார் முத்தமிட்டார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து எல்லோரும் எழுந்தபோது நான் எழவில்லையாம், மதலைமுத்து வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேனாம். சலேத் சொன்னாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. ஒரு சந்தி, ஒருவேளைச் சாப்பாடு.

ஏப்ரல் 8, சனி

நாள் வைத்தது வைத்ததுதான். அனுமதிக் காகிதத்தையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். சலேத் வாசலில் நின்றாள். சீக்கிரம் வாருங்கள் என்று எப்போதும் சொல்வாள். இன்று சொல்லவில்லை.

ஜீப்பை இன்றும் சந்தியாகுதான் ஓட்டினான்.

ராவுத்தர் ரமலான் நோன்பில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது. "நீங்களும் பட்டினி, நானும் பட்டினி, நடுவுல இது" என்று சொல்லிக்கொண்டே நாலு குழலை எடுத்து வைத்தார். அனுமதியை வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். எழுதுவதற்கு முன் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அது கடை வழக்கம்.

இழுத்தேன். வரவில்லை.

பிடியை மாற்றிக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஆள்காட்டி விரலை முழுதாக உள்ளே விட்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். விசை கல்லாக இருந்தது. ஸ்பிரிங்கின் தடிமன் உள்ளே எங்கோ இறுகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை. இது நான் செய்தது. நன்றாக வேலை செய்தது. நாலு தடவை அடித்தது. இப்போது ஏன் அடிக்காது? கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றி, ஒரு விரல் மேல் இன்னொரு விரலை வைத்து இழுத்தேன். விரலுக்குள் ஏதோ நழுவியது.

"விடுங்கய்யா" என்று ராவுத்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எலும்பு ஒடிஞ்சுரும். வர்லேன்னா வராது. எவ்வளவு அமுக்கினாலும் வராது."

விட்டேன்.

அவர் துப்பாக்கியை வாங்கி, தன் பக்கம் வைத்துக் குனிந்து பார்த்தார். அதனால் குழல்கள் என் பக்கம் திரும்பின. இத்தனை நாள் நான் அதைப் பின்னாலிருந்தே பார்த்திருக்கிறேன். நாலு ஓட்டை. உள்ளே இருட்டு.

பழைய ஸ்பிரிங்கையே போட்டுத் தருகிறேன், அடுத்த வாரம் வாங்க என்றார். தண்ணீர் கேட்டேன். நோன்புக்காரர் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அனுமதிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது ஜீப்பில் பாஸ்குத் திருவிழாவுக்கான மளிகை மூட்டைகள் இருந்தன. ஆள் நாங்கள் இருவர்தான். ஆலமர வளைவில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். நான் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பெடல் எப்படி இருந்துச்சு?"

"கல்லு மாதிரி இருந்துச்சு மாமா. சொன்னேனே."

"ரெண்டு காலையும் வச்சியா?"

"வச்சேன். பத்தல." ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். "ததேயு குனிஞ்சு ரெண்டு கையாலயும் அமுக்குனான். குதிச்சிருடான்னேன். கதவு அவன் கிட்டத்தான் இருந்துச்சு. நீ திருப்பு, நா அமுக்குறேன்னான்."

கோர்ட்டில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"சொன்னேன் மாமா. நீங்கதான் எந்திரிச்சு, பொய்யி, பெடல் கல்லா இருந்தா பிரேக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம்னு கத்துனீங்க. அத்தைதான் ஒங்க கையப் புடிச்சு உக்கார வச்சாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சு வேணாம்னு எங்க வக்கீலு சொல்லிட்டாரு."

எனக்கு இது நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த வருடத்து நோட்டில் தேடினேன். அன்றைய தேதியில், "சாட்சி நன்றாக நடந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அவன் எஞ்சினைப் போட்டான்.  வீட்டு முன்னால் இறங்கும்போது, என் விரலைப் பார்த்துவிட்டு, எண்ணெய் போட்டு நீவாதீங்க, கட்டுப் போடுங்க என்றான். அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 9

பாஸ்கு. ஆண்டவர் உயிர்த்த நாள், தவக்காலம் முடிந்தது. விரல் வீங்கி நீலமாகிவிட்டது. எழுத்து கோணுகிறது. ஒற்றைக்குழலின் வாயிலிருந்து துணியை இன்று எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

சலேத்திடம் ஒன்று கேட்டேன். அன்றைக்குக் கோர்ட்டில் என் கையைப் பிடித்தாயா?

"ஒம்பது வருசமா அந்தக் கையத்தான புடிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

ஏப்ரல் 11, செவ்வாய்

அனுமதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. காகிதம் பையிலேயே இருக்கிறது.

மதலைமுத்து அவருடைய கைப்பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அழுத்தம் ஏறவில்லை, வாஷர் போயிருக்கும் என்றார். கம்பெனி வாஷர் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன்.

"அதுக்கு வத்தலக்குண்டு போகணுமே. எப்பவும் போல நீங்களே ஒண்ணு வெட்டிப் போடுங்க, மெக்கானிக்கய்யா."

"இனிமே வெட்டுறதில்ல."

அவர் என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். "ஓ, வெரலு சரியில்லியா?"

"ஆமா, வெரலு" என்றேன்.

பம்பைத் தூக்கிக்கொண்டு போனார். சலேத் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

சாயங்காலம் ஜெபத்துக்காகப் பைபிளை எடுத்தேன். அதன் பின்னால் தோட்டாப் பெட்டி பழைய இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்க்கவில்லை.